மேக் அண்ட் சீஸ்: அமெரிக்க உணவகத்தில் முதல்முறை ஆர்டர் செய்பவர்களுக்கு

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த நம்மவர்களிடம் மேக் அண்ட் சீஸ் பற்றிக் கேட்டால், "ஒரு தடவை சாப்பிட்டேன், சப்பென்று இருந்தது" என்பார்கள். எங்கே சாப்பிட்டீர்கள் என்று அடுத்துக் கேட்டால், அலுவலக விருந்தில் ஆறிப்போன ட்ரேயிலிருந்து எடுத்ததாகவோ, அட்டைப்பெட்டியில் வரும் பொடியைக் கலந்து அறைத்தோழர் செய்து கொடுத்ததாகவோ பதில் வரும். அதை வைத்து இந்தப் பண்டத்தை ஒதுக்கிவிடுவது அநியாயம். மேக் அண்ட் சீஸ் என்ற ஒரே பெயரில் குறைந்தது மூன்று வெவ்வேறு பண்டங்கள் இந்த நாட்டில் புழங்குகின்றன. எந்தக் கடையில் எது கிடைக்கும், என்ன கேட்டு வாங்க வேண்டும், வந்ததும் எப்படிச் சாப்பிட வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால், முதல் தடவையே நல்லதைச் சாப்பிட்டுவிடலாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தட்டில் வரப்போவது என்ன

வளைந்த சிறு குழல் வடிவப் பாஸ்தாவான மெக்கரோனியை வேகவைத்து, சீஸ் சாஸில் புரட்டியது. எல்லா வகைக்கும் பொது இவ்வளவுதான்.

முதல் வகை அடுப்பிலேயே முடிவது. வெண்ணெயில் மைதாவை லேசாக வறுத்து, பாலை ஊற்றிக் கெட்டிப்படுத்தி, துருவிய சீஸை அதில் கரைத்து, மெக்கரோனியைக் கொட்டிக் கிளறி இறக்குவார்கள். குழைவாக, கரண்டியில் வழிந்து வரும். பர்கர் கடைகளிலும் பார்களிலும் அதிகம் கிடைப்பது இதுதான்.

இரண்டாவது, அதே கலவையைத் தட்டில் பரப்பி, மேலே சீஸோ பிரெட் தூளோ தூவி ஓவனில் வைத்து எடுப்பது. மேல்பகுதி பொன்னிறமாக மொறுமொறுவென்று இருக்கும், உள்ளே இளக்கமாக இருக்கும்.

மூன்றாவது தென் மாநிலங்களின் வகை. பல குடும்பங்களில் மைதாவே சேர்க்க மாட்டார்கள். பாலும் முட்டையும் அடித்து ஊற்றி, சீஸை அடுக்கடுக்காகப் போட்டு ஓவனில் வைப்பார்கள். வெந்து வரும்போது முட்டை இறுகி, கத்தியால் துண்டு போடும் பதத்தில் நிற்கும். சாஸ் வழியவில்லையே என்று இதைக் குறை சொல்லக் கூடாது. இதன் பதமே அதுதான். நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) நாளன்று ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பங்களின் மேசையில் வான்கோழிக்குச் சமமான மரியாதையோடு உட்கார்ந்திருப்பது இந்த வகைதான்.

அட்டைப்பெட்டி வகையை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. 1937இல், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவே, கிராஃப்ட் நிறுவனம் 19 சென்ட்டுக்கு நான்கு பேர் சாப்பிடும் பெட்டி என்று அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஒரு ரேஷன் கூப்பனுக்கு இரண்டு பெட்டி கிடைத்தது. இறைச்சியும் பாலும் தட்டுப்பாடான வீடுகளைத் தாங்கிய உணவு அது, அந்த மதிப்பு அதற்கு உண்டு. ஆனால் உணவகத்துக்குப் போய்க் காசு கொடுத்துச் சாப்பிட வேண்டியது அதுவல்ல.

கதை அதற்கும் வெகுகாலம் முந்தியது. தாமஸ் ஜெபர்சனின் அடிமையாக இருந்த ஜேம்ஸ் ஹெமிங்ஸ் 1784இல் அவரோடு பாரிசுக்குப் போய், அங்கே பிரெஞ்சுச் சமையலை முறையாகப் பயின்று திரும்பியவர். இந்த உணவு அமெரிக்க மேசைக்கு வந்த வரலாற்றில் அவரைப் போன்ற அடிமைச் சமையல்காரர்களின் உழைப்புக்குப் பெரும்பங்கு உண்டு. பெயர் கிடைத்ததோ எசமானுக்கு. 1802இல் குடியரசுத் தலைவராக இருந்த ஜெபர்சன் கொடுத்த விருந்தில் மெக்கரோனிப் பை பரிமாறப்பட்டது. அன்று சாப்பிட்ட காங்கிரஸ் உறுப்பினர் மனாசே கட்லர், சுவை காட்டமாக இருந்தது, பிடிக்கவில்லை என்று குறித்துவைத்திருக்கிறார். மெக்கரோனியை அவர் வெங்காயத்தண்டு என்று நினைத்துக்கொண்டார். என்ன சாப்பிடுகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது எவ்வளவு உதவும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1824இல் வர்ஜீனியாவின் மேரி ராண்டால்ஃப் அச்சில் கொண்டுவந்த செய்முறை, மெக்கரோனியையும் சீஸையும் வெண்ணெயையும் அடுக்கி ஓவனில் வைக்கச் சொல்கிறது. அடிப்படை இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை.

கடையைத் தேர்ந்தெடுப்பது

கையில் நேரமும் போக்குவரத்தும் இருந்தால், முதல் தடவைக்கு, ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் மரபுச் சமையலைத் தரும் சோல் ஃபுட் உணவகத்துக்கோ பார்பிக்யூ கடைக்கோ போங்கள் என்பேன். அங்கே மேக் அண்ட் சீஸ் பெயருக்குப் போட்டுவைத்த அயிட்டம் அல்ல. அது சரியில்லை என்றால் வாடிக்கையாளர்கள் கடையையே மாற்றிவிடுவார்கள். பெரிய ட்ரேயில் ஓவனிலிருந்து வந்துகொண்டே இருக்கும், பெரும்பாலும் சூடாகக் கிடைக்கும். கவுண்டரில் நின்று வாங்கும் கடையாக இருந்தால், ட்ரேயின் ஓரப்பகுதியிலிருந்து கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். ஓரத்தில் சீஸ் கருகும் விளிம்புவரை போய் மொறுமொறுப்பாகப் படிந்திருக்கும். நடுவிலிருந்து எடுத்தால் அது கிடைக்காது. கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார்கள்.

டென்னசி, அலபாமா பக்கம் இருப்பவர்களுக்கு மீட் அண்ட் த்ரீ என்று ஒரு வகை உணவகம் உண்டு. ஒரு இறைச்சியும் மூன்று காய்களும் சேர்ந்த மதியச் சாப்பாடு. அந்தக் காய்களின் பட்டியலில் மேக் அண்ட் சீஸும் இருக்கும், அங்கே அது வழக்கம். இறைச்சி வேண்டாம் என்பவர்களுக்கு, காய்கள் மட்டும் கொண்ட தட்டும் பல கடைகளில் உண்டு.

டைனர்களிலும் பர்கர் கடைகளிலும் தரம் ஏறி இறங்கும். மெனுவில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். எந்தச் சீஸ், ஓவனில் வைத்ததா, மேலே என்ன என்று எழுதியிருந்தால் கடைக்காரர் அக்கறையோடு செய்கிறார் என்று நம்பலாம். குழந்தைகள் மெனுவில் மட்டும் இருந்தால், வரப்போவது அநேகமாகப் பெட்டி வகைதான்.

சீஸ் பெயர்கள்

மெனுவில் வரும் பெயர்கள் மலைக்க வைக்கும். இரண்டு மூன்று தெரிந்தால் போதும். செடார்தான் இதன் முதுகெலும்பு. ஷார்ப் என்று போட்டிருந்தால் அதிக நாள் முதிரவிட்டது, புளிப்பும் காரசாரமான மணமும் கூடுதல். மைல்டு என்றால் மென்மை. மான்டெரி ஜாக், கோல்பி போன்றவை நன்றாக உருகும், சுவை அடக்கம். க்ரூயேர், ஸ்மோக்டு கௌடா போட்டிருந்தால் மணம் தூக்கலாக இருக்கும். வாடை பிடிக்காதவர்கள் நீலப் பூசணம் கொண்ட ப்ளூ சீஸ் சேர்த்ததை முதல் தடவை தவிர்ப்பது நல்லது.

நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். செடாரின் ஆரஞ்சு நிறம் அனாட்டோ என்ற விதையிலிருந்து சேர்க்கும் சாயம். வெள்ளைச் செடாரில் அது இல்லை, அவ்வளவே.

அமெரிக்கன் சீஸ் என்று போட்டிருந்தாலும் முகம் சுளிக்க வேண்டாம். நாள்பட்ட செடாரை மட்டும் சூடாக்கினால் எண்ணெய் பிரிந்து, புரதம் திரிதிரியாகத் திரண்டுவிடும். அதைத் தடுக்கத்தான் மைதா கலந்த பால். சோடியம் சிட்ரேட் போன்ற உப்புகளும் அதே வேலையைச் செய்யும். அமெரிக்கன் சீஸ் போன்ற பதப்படுத்திய சீஸில் அப்படிப்பட்ட உப்புகள் ஏற்கெனவே இருப்பதால் சாஸ் வழுவழுவென்று நிற்கும். ஜேம்ஸ் கிராஃப்ட் பதப்படுத்திய சீஸுக்குக் காப்புரிமை பெற்றது 1916இல். நல்ல சமையல்காரர்கள் சுவைக்குச் செடாரும், வழுவழுப்புக்குக் கொஞ்சம் அமெரிக்கன் சீஸும் கலப்பதுண்டு.

ஆர்டர் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

சைவம் சாப்பிடுபவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். மேக் அண்ட் சீஸ் பார்ப்பதற்குச் சைவம்போல இருக்கும், எப்போதும் அப்படி இருப்பதில்லை.

பேக்கன் முதல் எதிரி. பன்றி இறைச்சித் துண்டுகளை மேலே தூவுவது பல கடைகளில் வழக்கம். சில இடங்களில் மைதாவை வறுப்பதே பேக்கன் கொழுப்பில்தான். ஆகவே "பேக்கன் போடாமல் கொடுங்கள்" என்பதோடு நிறுத்தாமல், சாஸிலேயே இறைச்சியோ பேக்கன் கொழுப்போ கோழி வேகவைத்த நீரோ சேர்க்கிறார்களா என்று கேளுங்கள். சர்வருக்குத் தெரியாவிட்டால், சமையலறையில் விசாரித்துச் சொல்லுமாறு தயங்காமல் கேட்கலாம். இங்கே அது சாதாரணமான கோரிக்கை, யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

அடுத்து முட்டை. மேலே சொன்ன தென் மாநில வகையில் முட்டை உண்டு. இங்குள்ளவர்களின் கணக்கில் முட்டை சைவம்தான். "வெஜிடேரியனா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். முட்டை ஆகாதவர்கள் முட்டை என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும். கூடவே வாங்கும் கோல்ஸ்லா என்ற முட்டைக்கோஸ் சாலட்டில் பெரும்பாலும் மயோனைஸ் இருக்கும், அதிலும் முட்டை உண்டு. கீரையும் பீன்ஸும் பல பார்பிக்யூ கடைகளில் பன்றி எலும்போடு வேகவைத்தவை.

சிலர் சாஸில் வூஸ்டர்ஷையர் சாஸ் ஓரிரு சொட்டு விடுவார்கள். வழக்கமான வூஸ்டர்ஷையரில் நெத்திலி இனத்து மீன் உண்டு. இதையும் கேட்டுவிடுங்கள்.

சில்லி மேக் என்ற பெயரைப் பார்த்து மிளகாய் போட்டது என்று எண்ணி ஆர்டர் செய்துவிடாதீர்கள். அதில் வருவது பெரும்பாலும் மாட்டிறைச்சிக் கொத்து. பிரிஸ்கெட் என்றாலும் மாட்டிறைச்சிதான், புல்டு போர்க் என்றால் பன்றி, லாப்ஸ்டர் மேக் என்றால் சிங்கி இறால். உருண்டை பிடித்துப் பொரித்த மேக் அண்ட் சீஸ் பைட்ஸ், கோழி பொரித்த அதே எண்ணெயில் பொரிக்கப்படலாம்.

சீஸ் உறைய வைக்கும் ரென்னெட் பற்றிப் பலர் கவலைப்படுவார்கள். அமெரிக்காவில் தயாராகும் செடாரில் பெரும்பகுதிக்கு இப்போது நுண்ணுயிர் வழி பெறப்பட்ட ரென்னெட்டே பயன்படுகிறது. 1990இல் இங்குள்ள உணவு மருந்து நிர்வாகம் அதற்கு ஒப்புதல் அளித்தது. ஆனால் பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்குக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் கட்டாயம், அது அந்தச் சீஸின் விதி. சர்வரிடம் ரென்னெட் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்காது. இந்த விஷயத்தில் கண்டிப்பானவர்கள் உணவகத்தை நம்பாமல், சைவ ரென்னெட் என்று உறையில் போட்ட சீஸை வாங்கி வீட்டில் செய்வதே சரி.

பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒரு செய்தி. நாள்பட்ட செடாரில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை மிகக் குறைவு. சிக்கல் சாஸில் ஊற்றும் பாலில்தான். அந்தச் சர்க்கரையைச் செரிக்க உதவும் லாக்டேஸ் மாத்திரை மருந்துக்கடையில் கிடைக்கும், அதை முதல் வாயோடு போட்டுக்கொண்டால் பலருக்கு உதவுகிறது. பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் தொடவே கூடாது.

எவ்வளவு வாங்குவது

முதல் தடவை சைட் அளவில், அதாவது துணை உணவாகத் தரும் சிறு அளவில் வாங்குங்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. முழுச் சாப்பாடாக வரும் தட்டு நம் பசிக்கு மிக அதிகம். சீஸ் திகட்டும் பண்டம், பாதியைத் தாண்டியதும் நாக்கு மரத்துவிடும். அந்தத் திகட்டலைத்தான் பலர் "நன்றாக இல்லை" என்று நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். சைட் பெரும்பாலும் 4 முதல் 8 டாலருக்குள் இருக்கும், முழுத் தட்டு அதைப்போல இரண்டு மடங்குக்குக் குறையாது. ஊருக்கு ஊர் வேறுபடும்.

கூட வாங்குவதற்குப் புளிப்பானது எதையாவது தேர்ந்தெடுங்கள். வினிகரில் ஊறிய வெள்ளரிக்காய், எலுமிச்சை பிழிந்த சாலட், தக்காளி. நான்கு வாய்க்கு ஒருமுறை இதில் ஒரு துண்டு கடித்துக்கொண்டால் திகட்டல் போய்விடும். பிரெஞ்ச் ஃப்ரைஸ் வேண்டாம், மாவோடு மாவு சேர்ந்து வயிறு கனத்துவிடும். குடிக்கத் தண்ணீர் போதும், குழாய்த் தண்ணீருக்குக் காசில்லை. ஐஸ் வேண்டாம் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். தென் மாநிலங்களில் ஐஸ்டு டீ கேட்டால் நன்றாகச் சர்க்கரை கரைத்ததே வரும், வேண்டாதவர்கள் அன்ஸ்வீட் என்று கேட்க வேண்டும்.

தட்டு வந்ததும்

வாணலியோடு வந்தால் கைப்பிடியைத் தொடாதீர்கள். ஓவனிலிருந்து நேராக வந்த இரும்பு அது. ஓரிரு நிமிடம் பொறுங்கள், உருகிய சீஸ் நாக்கில் ஒட்டிக்கொண்டு சுடும். அதற்குமேல் காத்திருக்கவும் கூடாது. படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தால் சாஸ் இறுகத் தொடங்கிவிடும். சூடாக இருக்கும்போது ஒரு பண்டம், ஆறினால் வேறு பண்டம்.

முதல் வாயை எதுவும் சேர்க்காமல் சாப்பிடுங்கள். மேல் மொறுமொறுப்பும் அடியிலிருக்கும் குழைவும் ஒரே கரண்டியில் வரும்படி செங்குத்தாக வெட்டி எடுக்க வேண்டும். மேலே இருப்பதை மட்டும் வழித்துத் தின்றுவிட்டால் மீதி சலிப்பாகிவிடும். எடுக்கும்போது கொஞ்சம் கவனியுங்கள். நன்றாகச் செய்ததில், வளைந்த குழலின் உள்ளேயும் சாஸ் புகுந்திருக்கும், கடித்தால் உள்ளிருந்து சூடாக வரும். குழல் வடிவத்தை இதற்குத் தேர்ந்தெடுத்ததன் பலனே அதுதான். தட்டின் ஓரத்தில் எண்ணெய் தேங்கி நின்றாலோ, நாக்கில் மணல்போல நெருடினாலோ, சீஸை அளவுக்கு மீறிச் சூடாக்கியிருக்கிறார்கள். மெக்கரோனி கூழாகியிருந்தால் வெந்தபின் வெகுநேரம் காத்திருந்தது என்று பொருள். இந்தக் குறைகள் அந்தக் கடையுடையவை, வேறு கடையில் மறுபடி முயலுங்கள்.

காரம் தேடும் நாக்கு நம்முடையது. மேசையில் இருக்கும் ஹாட் சாஸ் அதற்குத்தான். லூசியானாவில் 1868இலிருந்து தயாராகும் டபாஸ்கோ போன்றவற்றில் காரத்தோடு வினிகரும் உண்டு, சீஸின் கொழுப்பை அந்தப் புளிப்பு நன்றாக வெட்டும். மொத்தத் தட்டிலும் ஊற்றிவிடாமல் ஒரு மூலையில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். மிளகுத்தூளும் பொருந்தும். உப்பைத் தொடாதீர்கள், சீஸிலேயே தேவைக்கு மேல் இருக்கிறது. கெட்சப்பைச் சிலர் விரும்புகிறார்கள். எனக்கு அது சீஸின் சுவையை மூடிவிடுவதாகவே படுகிறது.

பில்

மெனு விலையில் விற்பனை வரி சேர்ந்திருக்காது. பெரும்பாலான மாநிலங்களில் பில்லில் தனியாக வரும். மேசைக்கு வந்து பரிமாறும் கடைகளில் வரிக்கு முந்தைய தொகையில் 15 முதல் 20 சதவீதம்வரை டிப்ஸ் வைப்பது வழக்கம், 18க்குக் குறையாமல் வையுங்கள் என்பது என் கருத்து. டிப்ஸ் பெறும் ஊழியருக்குக் கூட்டாட்சிச் சட்டம் முதலாளியிடம் கேட்கும் குறைந்தபட்ச நேரடிச் சம்பளம் மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991இலிருந்து அது ஏறவே இல்லை. கலிபோர்னியா, வாஷிங்டன் உட்படச் சில மாநிலங்கள் முழுக் குறைந்தபட்சச் சம்பளத்தையே கட்டாயமாக்கியிருந்தாலும், மற்ற பல இடங்களில் அந்த ஊழியரின் வருமானத்தில் பெரும்பகுதி நீங்கள் வைப்பதுதான்.

கார்டை சர்வர் வாங்கிக்கொண்டு போய் இரண்டு சீட்டோடு திரும்புவார், பயப்பட வேண்டாம். ஒன்றில் டிப்ஸ் தொகையையும் கூட்டுத்தொகையையும் எழுதிக் கையெழுத்திட்டு மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள், மற்றது உங்களுக்கு. கூட்டமாகப் போனால், டிப்ஸ் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பில்லைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். கவுண்டரில் வாங்கும் கடைகளில் திரை டிப்ஸ் கேட்கும், அங்கே அது உங்கள் விருப்பம்.

மிச்சமானால்

பாக்ஸ் கேளுங்கள், தருவார்கள். இதில் கூச்சமே வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டும், மூன்று நான்கு நாட்களுக்குள் முடித்துவிட வேண்டும். மறுநாள் எடுத்தால் கட்டியாக இருக்கும், காலையில் பிசைந்த தயிர்சாதம் மதியத்தில் இறுகுவதுபோல. மருந்தும் அதேதான்: பால். கிண்ணத்துக்கு ஒரு மேசைக்கரண்டி பால் விட்டு, மூடி, மைக்ரோவேவில் நடுத்தரச் சூட்டில் வைத்து, அரை நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கிளறுங்கள். முழுச் சூட்டில் ஒரேயடியாக வைத்தால் எண்ணெய் பிரிந்துவிடும். உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 74 டிகிரி செல்சியஸ் எட்டும்வரை சூடாக்க வேண்டும். துண்டு போடும் தென் மாநில வகையாக இருந்தால் மைக்ரோவேவ் வேண்டாம். தோசைக்கல்லில் துளி வெண்ணெய் விட்டு, துண்டை வைத்து, மிதமான தீயில் மூடிபோட்டு இரு புறமும் சிவக்கவிடுங்கள். முதல்நாள் ட்ரேயின் ஓரத்தில் கிடைத்த அந்த மொறுமொறுப்பு, இப்போது துண்டின் இரண்டு பக்கமும் கிடைக்கும்.